கச்சான் காலத்தில் நலிந்த கோரிகள்: உப்புவெளியில் ஒரு கலப்புத் தொட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு வீடு. தாயும் தகப்பனும் ஆசிரியர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள்தான் மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். இப்பகுதியில் மீன் வளர்ப்பவர்களுக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்துவருவதால் என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் குறிப்பிடாமல் எழுதுவதற்குக் குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள்.

தொட்டி மூன்றடி நீளமானது. கல்லும் அலங்காரமும் போக ஏறத்தாழ 130 லீற்றர் தண்ணீர் கொள்ளும். மேல் மட்டத்திலும் நடுவிலும் கப்பி, பிளாட்டி, ஒரு சோடி கௌராமி, ஒரு சிறு கூட்டம் நியான் டெட்ரா. அடியில், தரையில் இரை தேடும் சிறு கெளுத்திகளான கோரிகள் ஆறு. அவற்றில் நான்கு வெண்கலக் கோரி, இரண்டு புள்ளி விழுந்த பெப்பர் கோரி. கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு, டேங்க் கிளீனர் என்று கடைகளில் விற்கும் கெளுத்தி மீன் ஒன்றும் இருந்தது. அடித்தளத்தில் நீலமும் சிவப்புமாகக் கூரான நிறக்கற்கள் மூன்று விரல் தடிப்புக்குப் பரப்பப்பட்டிருந்தன. ஊற்றும் தண்ணீர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மேற்கு ஜன்னலோரம் தொட்டி வைக்கப்பட்டிருந்ததால் பின்னேர வெயில் நேராக விழும்.

கோரிகளை விற்றபோது கடையில் சொன்ன வாக்கியம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: "இதுகள் அடியில கிடக்கிற ஊத்தையைத் தின்னும், தொட்டி கழுவுற வேலை குறையும்." இந்த நம்பிக்கையிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைத்தன. கோரி ஊத்தை தின்னும் மீன் அல்ல. தென் அமெரிக்க ஆறுகளில் மணலை வாயால் அள்ளி, அதிலுள்ள புழுவையும் சிறு உயிரிகளையும் எடுத்துக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாக வெளியே விடும் கெளுத்தி இனம் அது. செதிலுக்குப் பதிலாக உடம்பின் இருபுறமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் உண்டு. வயிற்றுப் பக்கம் அந்தக் கவசம் இல்லை. இரையைத் தேடிக் கண்டுபிடிப்பது மீசை. வெறும் வயிறும் மென்மையான மீசையும் நாள் முழுவதும் தரையில் உராயும் மீன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதை வாசிக்க வேண்டும்.

முதல் அறிகுறிகளும் வீட்டில் செய்த வைத்தியமும்

யூலை மாதம். கச்சான் கடுமையாக வீசிக்கொண்டிருந்தது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்கும் காற்று அது. இந்த மாதங்களில் அந்த வீட்டுக் கிணறு வற்றி, தண்ணீரில் உவர்ப்புத் தெரிய ஆரம்பிக்கும்.

கோரிகள் ஒளிந்தே கிடப்பதை மகள்தான் முதலில் கவனித்தாள். சில நாட்களில் ஒரு வெண்கலக் கோரி செத்தது. கடையில் கேட்டபோது, கல்லுப்பும் நீல மருந்தும் போடச் சொன்னார்கள். நீல மருந்து என்பது மெத்திலீன் புளூ. இரண்டையும் போட்டார்கள். அதே நாளில், தொட்டி சுத்தமாக இருக்கட்டுமென்று பில்டர் பஞ்சைக் குழாயடியில் நுரை போகப் பிழிந்து கழுவினார்கள். எல்லாமே அக்கறையோடு செய்தவை. ஆனால் மெத்திலீன் புளூவும் குழாய்நீரின் குளோரினும் ஒரே இடத்தைத் தாக்குகின்றன. பில்டர் பஞ்சில் குடியிருந்து, மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பக்ரீரியாக்கள் இரண்டாலும் அழிகின்றன.

அதற்குப் பிறகுதான் அழைப்பு வந்தது. "அண்ணா, நேற்றையில இருந்து இதுகள் நிக்காமல் மேல போய்ப் போய் வருதுகள். மீசையும் இல்லாத மாதிரிக் கிடக்கு" என்றாள் மகள்.

கண்டவை

தொட்டியின் மூடியைத் திறக்கும் முன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஆள் கிட்டப் போனால் கோரிகள் ஒளிந்துவிடும், நடத்தை மாறிவிடும்.

கோரி இடையிடையே மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வருவது அதன் இயல்பு. விழுங்கிய காற்றிலிருந்து பின்குடல் சுவர் வழியாக ஒட்சிசனை எடுத்துக்கொள்ள அதனால் முடியும். ஒட்சிசன் குறைந்த சேற்று நீரில் அது பிழைப்பது இப்படித்தான். ஆகவே மேலே போவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. எத்தனை தரம் போகிறது, திரும்பி வந்து என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நலமான கோரி காற்றை எடுத்துவிட்டு வந்ததும் மறுபடி தரையைக் கிண்டும். இங்கே கீழே வந்து விழுந்தவை செவுள் படபடக்க அப்படியே கிடந்து, மூச்சு முட்டியதுபோல மறுபடி மேலே போயின. பெப்பர் கோரிகள் இரண்டும் பில்டர் தண்ணீர் விழும் மூலையைவிட்டு நகரவேயில்லை.

போன் ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து மீசைகளைப் பார்த்தோம். ஒரு வெண்கலக் கோரிக்கு ஒரு பக்க மீசை அடியோடு தேய்ந்து, வாயோரம் வெள்ளைத் தழும்பு மட்டும் தெரிந்தது. மற்றவற்றில் பாதி மீசை இருந்தது. இன்னொரு வெண்கலக் கோரியின் வயிற்றில் சிவப்புத் திட்டு. எல்லாவற்றுக்கும் வயிறு உள்வாங்கியிருந்தது. சாப்பாடு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையும் மாலையும் செதில் உணவு. அது மிதக்கும்போதே கப்பியும் பிளாட்டியும் முடித்துவிடும். அடிக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. கோரிகள் மாதக்கணக்காக அரைப்பட்டினியில் இருந்திருக்கின்றன.

தண்ணீரின் வெப்பம் பின்னேரம் 31 பாகை செல்சியசைத் தாண்டியது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். 8. நைட்ரேட் சோதனைத் தாளின் கடைசி நிறத்தைத் தொட்டது. அமோனியா லீற்றருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம்.

இந்த அளவுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். அவற்றில் ஒன்றுதான் கடும் நஞ்சு. பீ.எச். 7இலும் 25 பாகையிலும் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் 0.6 வீதத்துக்கும் குறைவு. பீ.எச். 8இலும் 30 பாகையிலும் அது ஏறத்தாழ 7.5 வீதம். சோதனைத் துளியில் அதே நிறம்தான் வரும். மீனுக்கு நஞ்சோ பத்து மடங்குக்கு மேல். ஒட்சிசனும் சூட்டில் குறையும். 20 பாகையில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 அளவுதான். கடலோர உவர்க் கிணறும் கச்சான் வெக்கையும் உள்ள ஊரில், வேறு ஊர்க்காரருக்குச் சரிப்பட்டுவரும் அளவுகளை நம்பி இருக்க முடியாது.

கடைசியாக, ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் கற்களுக்குள் செருகி உறிஞ்சி விட்டோம். வாளிக்குள் கறுப்புத் தண்ணீர் வந்தது. அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. ஒளிவதற்கு வேறு இடமில்லாமல், தேய்ந்த மீசையோடு கோரிகள் படுத்துக் கிடந்தது இதன் மேல்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, புதிதாக ஒரு மருந்தும் போடுவதில்லை. அயல்வீட்டவர் ஒருவர் மனிதருக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் குளிசையை உடைத்துப் போடச் சொல்லியிருந்தார். வயிற்றுச் சிவப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. கல்சியம் நிறைந்த கடின நீரில் அந்த மருந்து கல்சியத்தோடு பிணைந்து வலுவிழந்துவிடும். அதோடு பில்டரில் மிஞ்சியிருக்கும் பக்ரீரியாவும் போய்விடும். வைத்தியருக்குத் தெரியாமல் நுண்ணுயிர்க்கொல்லியைத் தண்ணீரில் கொட்டுவதில் எனக்கு எந்த நாளும் உடன்பாடு இல்லை. சிவப்புத் திட்டு விழுந்த மீனை மட்டும், கல் எதுவும் இல்லாத ஒரு பிளாஸ்ரிக் பேசினில், சுத்தத் தண்ணீரும், பம்பிலிருந்து காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல்லும் வைத்துத் தனியாக விட்டோம். வலையால் பிடிக்கவில்லை. கோரியின் நெஞ்சுச் செட்டையிலும் முதுகுச் செட்டையிலும் முள் உண்டு. பயந்தால் அவற்றை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், வலையில் சிக்கினால் செட்டை கிழியும். ஒரு கோப்பைக்குள் மெல்ல ஓட்டிப் பிடித்தோம்.

அடுத்தது தண்ணீர். அமோனியாவுக்கு ஒரேயடியாக மாற்றவேண்டும்போல் இருக்கும். ஆனால் உப்பும் கடினத்தன்மையும் ஏறிப்போன நீரிலிருந்து மீனைச் சடுதியாக மென்னீருக்கு இழுத்தால் அதுவும் அடிதான். முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் கால்பங்கு, பிறகு நாளுக்கொரு கால்பங்கு என்று வைத்தோம். கிணற்றை விட்டுக் குழாய்நீருக்கு மாறினோம். குழாய்நீரைத் திறந்த வாளிகளில் பிடித்துக் காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். ஆவியாகிக் குறையும் தண்ணீரையும் இனிக் கிணற்றால் நிரப்புவதில்லை என்று தீர்மானித்தோம். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். வாரம் தோறும் உவர்க் கிணற்றால் நிரப்பிக்கொண்டே வந்தால் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கடலாகும்.

மூன்றாவது, அடித்தளம். நிறக்கல்லை அகற்றி மணல் போட வேண்டும். பில்டர் செத்துப்போன நிலையில், மிச்சமிருக்கும் நல்ல பக்ரீரியா அந்தக் கற்களிலும்தான் ஒட்டியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கவில்லை. முதலில் சேற்றை உறிஞ்சி, பாதிக் கல்லை எடுத்து, அடுத்த கிழமை மற்றப் பாதி.

மணலுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்ததும் தகப்பன் சிரித்தார். "கடற்கரையில நிண்டுகொண்டு மணலுக்கு யோசிக்கிறதோ?" என்று ஒரு வாளி அள்ளிக்கொண்டும் வந்துவிட்டார். அழகான, மெல்லிய, வெளிர் மணல். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டு வினாகிரி ஊற்றச் சொன்னேன். சோடாப் போத்தல் திறந்ததுபோல் மணல் முழுக்கக் குமிழி கிளம்பியது. சிப்பி, சங்குத் தூள். அதில் உள்ள சுண்ணாம்பு தண்ணீரின் கடினத்தையும் பீ.எச்.ஐயும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே 8இல் நிற்கும் தொட்டிக்கு அது ஆகாது. வீட்டுக்குப் பின்னால், மதில் கட்டிய மிச்சமாக ஆற்று மணல் ஒரு குவியல் கிடந்தது. அதே சோதனையில் ஒரு குமிழியும் வரவில்லை. சல்லடையில் அரித்துக் கல்லைப் பிரித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை மகளும் தகப்பனும் கழுவினார்கள். இரண்டு விரல் தடிப்புக்கு மேல் போடவில்லை. தடிப்பு கூடினால் அடியில் காற்றில்லாமல் மறுபடி கறுக்கும்.

நான்காவது, சூடு. ஐஸ் போத்தல் மிதக்கவிடலாமா என்று தாய் கேட்டார். அது சடுதியாக இறக்கும், கரைந்ததும் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கமே மீனுக்கு அலைச்சல். அதற்குப் பதிலாக ஜன்னலுக்குத் தடித்த திரை, விளக்கு ஆறு மணித்தியாலம் மட்டும், கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு நுளம்பு வலையைச் சட்டம் அடித்து மேலே போடுவது. ஒரு மேசை மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் சாய்வாக வீசவைத்தோம். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கச்சான் காற்று வரண்டது என்பதால் ஆவியாதல் விரைவு. சூட்டைக் கொண்டுவரும் அதே வரட்சி இந்த வழிக்கு உதவி செய்தது. மறுநாள் பின்னேரமே 28 பாகைக்குக் கிட்ட வந்துவிட்டது. பில்டர் தண்ணீர் கொஞ்ச உயரத்திலிருந்து விழும்படி நீர்மட்டத்தையும் குறைத்தோம்.

சாப்பாட்டில் மாற்றம் எளிது. இரவு விளக்கை அணைத்து, மற்ற மீன்கள் அடங்கிய பிறகு, அமிழும் குளிசை உணவு. கிழமைக்கு இரண்டு தரம், பொடியாக நறுக்கிய மண்புழு. விடிந்ததும் மிச்சம் கிடந்தால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஒளிவதற்கு, அவித்துக் கழுவிய சிரட்டைகளைப் பாதியாக உடைத்துக் கவிழ்த்தோம்.

டேங்க் கிளீனரை என்ன செய்வது என்பதில் சற்று வாக்குவாதம் இருந்தது. அது வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும், கழிவும் அதற்கேற்ப அதிகம். இந்தத் தொட்டியில் வைத்திருக்க முடியாது. உறவினர் ஒருவர் "குளத்தில விட்டால் அது பாட்டுக்குப் பிழைக்கும்" என்றார். பிழைக்கும் என்பதுதான் பிரச்சினை. இந்த மீன் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவி, உள்ளூர் மீன்களோடு போட்டி போட்டு, மீனவரின் வலைகளில் முள்ளோடு சிக்கிக்கொண்டிருக்கிறது. சீமெந்துத் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படைத்தோம்.

தொடர்ந்தவை

தனியாக விட்ட மீன் இரண்டு நாளில் செத்தது. அந்தக் கிழமையே பெப்பர் கோரிகளில் ஒன்றும் போனது. அமோனியா அப்போது குறையத் தொடங்கியிருந்தது. ஆகவே இந்த இரண்டாவது சாவை அமோனியாவின் மேல் மட்டும் போட முடியாது. பெப்பர் கோரி குளிர்நீர்ப் பக்கத்து மீன். பீகிள் கப்பற் பயணத்தில் டார்வின் சேகரித்துக்கொண்டு போன மீன்களில் இதுவும் ஒன்று. 1842இல் அறிவியல் பெயர் பெற்றது. உருகுவே, ஆர்ஜென்டீனா, தெற்குப் பிரேசில் பக்கத்து ஆறுகள்தான் அதன் ஊர். இருபது பாகையை ஒட்டிய தண்ணீரில் சுகமாக இருக்கும் மீனை, மின்விசிறி வைத்தும் 28இல் நிற்கும் தொட்டியில் எத்தனை கச்சானுக்கு வைத்திருப்பது?

தாயின் தங்கை ஹட்டனில் இருக்கிறார், அவரிடமும் சிறு தொட்டி உண்டு. மிஞ்சிய பெப்பர் கோரியை ஓகஸ்ட் விடுமுறையில் அங்கே கொண்டுபோக முடிவாயிற்று. முள் குத்திப் பை ஓட்டையாகும் என்பதால் இரட்டைப் பை, மூலைகளை மடித்து ஒட்டி, ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தோம். பயந்த கோரி பைக்குள் தனக்கே நஞ்சாகும் சுரப்பை வெளியிடக்கூடும். அதனால் பிடித்தவுடன் பையில் போடாமல், சற்று நேரம் வாளியில் அடங்கவிட்டு, தண்ணீரை மாற்றித்தான் கட்டினோம். மீன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மலைநாட்டுத் தண்ணீரில் அது பகலிலேயே வெளியே திரிவதாகச் சித்தி வீடியோ அனுப்பினார்.

உப்புவெளியில் மிஞ்சியவை இரண்டு வெண்கலக் கோரி. செப்ரெம்பர் நடுப்பகுதியில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியத்துக்கு வந்தன. அதற்கு முன்பே நடத்தை மாறிவிட்டிருந்தது. மணல் போட்ட அன்றிரவே, மகள் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய ரோச்சால் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கோரி முகத்தைக் கண்வரைக்கும் மணலுக்குள் புதைத்து, செவுள் வழியே மணல் பொழியப் பொழிய முன்னே நகர்ந்ததாம். அது வாங்கிவந்த நாள்முதல் அப்படிச் செய்ததை அவள் கண்டதேயில்லை. பாதி தேய்ந்த மீசைகள் சில வாரங்களில் நீளத் தொடங்கின. அடியோடு போன ஒரு பக்க மீசை மட்டும் வளரவில்லை. வேர் கெட்டுப்போனால் திரும்பி வருவது அரிது.

கோரி கூட்டமாக வாழும் மீன். இரண்டாக விட்டால் மறுபடி ஒளிந்தே கிடக்கும். ஒக்ரோபரில் நான்கு வெண்கலக் கோரிகள் வாங்கி, தனிப் பேசினில் நான்கு வாரம் வைத்துப் பார்த்து, பிறகுதான் சேர்த்தார்கள்.

வாடை தொடங்கி மழை பிடித்தது. இப்போது காற்றில் ஈரம் கூட என்பதால் மின்விசிறியால் பெரிய பலன் இல்லை, தேவையும் இல்லை. கூரையை முதல் மழை கழுவிவிட்ட பிறகு பிடித்த மழைத்தண்ணீரை, மழையால் உவர்ப்புத் தணிந்த கிணற்றுத் தண்ணீர் கொஞ்சத்தோடு கலந்து ஊற்றினார்கள். தனி மழைத்தண்ணீரில் பீ.எச்.ஐ மாறாமல் வைத்திருக்கும் தாங்கு திறன் இல்லை, அது சடுதியாக விழும். ஒரு குளிர்ந்த மழைநாளில் தண்ணீர் மாற்றிய மறுநாள் காலை, முன்கண்ணாடி முழுக்கச் சிறு முத்துப்போல முட்டைகள். குளிர்ந்த மென்னீர் வந்து சேர்வது கோரிகளுக்கு மழைக்காலத்தின் அடையாளம். பாடசாலை விட்டு மகள் வருவதற்குள் கௌராமிகள் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. நலிந்து கிடந்த தொட்டி முட்டையிடும் நிலைக்கு வந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய நிறைவு.

இப்படியொரு தொட்டி மறுபடி வந்தால்

மருந்துக்கு முன் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயும் வாளியும் போதும். இந்த வீட்டில் யூலையிலேயே அதைச் செய்திருந்தால் கறுப்புச் சேறு அப்போதே தெரிந்திருக்கும், நீல மருந்து வந்தே இருக்காது. பில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவது இப்போது அந்த வீட்டின் வழக்கம்.

மீனைத் தெரிவுசெய்வதும் இங்கேயுள்ள தண்ணீரைப் பார்த்தே இருக்க வேண்டும். திருகோணமலைக்குப் பெப்பர் கோரி பொருந்தாது. வெண்கலக் கோரி நிழலும் காற்றும் கிடைத்தால் சமாளிக்கும். சூட்டை நன்றாகத் தாங்குவது ஸ்டெர்பா கோரி, விலைதான் கொஞ்சம் கூட. எதை எடுத்தாலும் ஆறுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது.

அடுத்த கச்சானுக்கு முன், சித்திரை முடிவதற்குள் தொட்டியை மேற்கு ஜன்னலிலிருந்து உட்சுவருக்கு மாற்றப் போகிறார்கள். அமிழும் உணவைத் தேய்ந்த மீசைக்காரன் கண்டுபிடிக்கத் தாமதிப்பதால், மற்றவை வந்து சேர்வதற்குள் அதன் சிரட்டை வாசலிலேயே ஒரு குளிசையைக் குழாய் வழியாக இறக்கிவிடுகிறாள் மகள். இப்போது அதன் வயிறும் மற்றவற்றைப் போல் உருண்டிருக்கிறது.